படத்துக்குக் குறுக்கே நின்றவன்

வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எனக்கு லீவு. அந்த ஒரு நாளும் மொட்டை வெயிலில், ஊர் நடுவே இருக்கிற நீரூற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, "கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க... அய்யோ, உங்க இடது இல்லை, என் இடது" என்று வீட்டுக்காரி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது. என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வெயிலை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின் அறையில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கரகரவென்று சுற்றும் விசிறி, சுவரோரமாக அட்டைப் பெட்டிகளில் யாரும் வந்து வாங்கிப்போகாத ஆல்பங்கள், அவ்வளவுதான். கல்யாணத்தில் எடுத்த படங்கள் அவளிடம் வரும். அவள் துடைத்துக் கொடுப்பாள். மாப்பிள்ளை கன்னத்துப் பரு, பெண்ணின் மேலுதட்டு வியர்வை, மேடைக்குப் பின்னால் தொங்குகிற ஒயர், பின் வரிசையில் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிற பெரியப்பா, எல்லாம் இருந்த தடம் தெரியாமல் போய்விடும். சில நேரம் முழு ஆளையே துடைக்கச் சொல்லி வருவார்கள். கல்யாணம் முடிந்த கையோடு முறைத்துக்கொண்டு போன மாமா, பிரிந்துபோன மருமகன், இப்படி. "அந்த ஆளு மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலைம்மா, அவன் இல்லாம ஒரு குடும்பப் படம் வேணும்" என்பார்கள். அவள் அவனைத் துடைத்துவிட்டு, அவன் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்துக் கொடுத்துவிடுவாள். ஸ்டூடியோவில் அவளுக்கு டச்சப் அக்கா என்றே பெயர்.

பாவம், அந்த வேலை அவள் கண்ணையே மாற்றிவிட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்ப்பாள். ஏதோ ஆசையாகப் பார்க்கிறாள் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். "உங்க காதுல ரெண்டு முடி நீட்டிக்கிட்டு இருக்கு" என்பாள். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால், சுவரில் எங்கே விரிசல் இருக்கிறது என்று அவள் பார்வை போய் நிற்கும். கெட்ட எண்ணம் கிடையாது. எங்கே எது துருத்திக்கொண்டு இருக்கிறதோ அங்கேதான் அவள் கண் முதலில் போகும்.

நான் லாண்டரி வேன் ஓட்டுகிறவன். ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலிருந்தும் அழுக்கு விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் மூட்டையாக எடுத்துப்போய், வெளுத்ததைக் கொண்டுவந்து போடுவேன். இந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆனால் எல்லாம் பின் வாசல் வழியாகத்தான். முன் வாசலில் சலாம் போடுகிறவன் எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. முதுகு வலி உண்டு, கோபம் மூக்கு மேல் உட்கார்ந்திருக்கும். லீவு நாளில் மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டிப் படுப்பதைத் தவிர வேறு எதையும் நான் இந்த உலகத்திடம் கேட்டதில்லை.

அதற்குத்தான் ஒரு நாள் வேட்டு வைத்தார்கள். ஸ்டூடியோவுக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்தது. பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் பரு, ஒயர், பெரியப்பா எல்லாம் தானாகவே போய்விடுகிறதாம். அவள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்வதை அது தண்ணீர் குடிக்கிற நேரத்தில் செய்து முடித்துவிடுகிறது. முதலாளி நல்ல மனுஷர்தான், பேச்சில் மட்டும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். அவளைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"டச்சப்பம்மா, பின் ரூமை இனிமே வச்சுக்க முடியாது. ஆனா கல்யாணத்துல பொம்பளைங்க பக்கம் நின்னு எடுக்க எனக்கு ஒரு ஆள் வேணும். உன்னால எடுக்க முடியும்னா இரு. இல்லேன்னா வேற இடம் பாத்துக்கோம்மா."

"நான் கேமராவைத் தொட்டதே இல்லையே, சார்."

"அதான் சொல்றேன், தொடு. சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள நீயே எடுத்த படமா ஒரு பத்துப் பன்னெண்டு கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன். வெளியூர்லேர்ந்து வந்தவங்க மாதிரி ஊரைச் சுத்திப் பாரு. அந்த ரூம்லயே கிடந்து உனக்கு வெளிச்சம்னா என்னன்னே மறந்துபோச்சு."

அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அழவில்லை.  வேறு இடம் எங்கே பார்ப்பது? எல்லா ஸ்டூடியோவிலும் அதே பட்டன் வந்துவிட்டது. அவள் வயதில் புதிதாக எந்த வேலையைக் கற்றுக்கொள்வது? அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதில் அவளுக்கு ஒரு கெத்து இருந்தது. "டச்சப் அக்காகிட்ட குடுத்துட்டா கவலை இல்லை" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு வீட்டில் எனக்கு ஒரு திட்டுக் குறையும்.

கேமராவுக்கு என் மச்சான், அதாவது அவள் தம்பி, இருந்தான். இரண்டு மாதப் பைத்தியத்தில் வாங்கி, பிறகு அலமாரியில் துணிக்கு நடுவே புதைத்து வைத்திருந்தான். "மாமா, லென்ஸ்ல விரல் படக்கூடாது. மணல் படக்கூடாது. முக்கியமா நீங்க தொடக்கூடாது" என்று பத்திரம் சொல்லிக் கொடுத்தான். என்னமோ நான் அதைக் கடித்துத் தின்னப்போகிறேன் என்கிற மாதிரி.

முதல் லீவு நாள் நீரூற்றுக்குப் போனோம். பக்கத்திலேயே ஒரு பெரிய ஹோட்டல். சுற்றிலும் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர்கள், ஆளுக்கொரு கேமராவோடு தரையில் படுத்தெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் கேமராவைக் கண்ணில் வைத்ததுதான் தாமதம், விசிலை ஊதிக்கொண்டு காவலாளி வந்துவிட்டான்.

"எந்தப் பத்திரிகைம்மா? பர்மிஷன் இருக்கா?"

"பத்திரிகை எல்லாம் இல்லைங்க. சும்மா எடுக்கிறேன்."

"சும்மா எதுக்கு எடுக்கணும்? நீங்க இந்த ஊர்தானே? தினம் பாக்குற இடத்தை என்னத்துக்குப் படம் எடுக்குறீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவங்க எல்லாம் எடுக்குறாங்களே, அவங்க கண்ணுக்கு மட்டும் என்ன தங்க முலாம் பூசியிருக்கா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்து முறைக்க, நான் அவனைப் பார்த்து முறைக்க, இவள் நடுவே புகுந்து சட்டென்று ஒரு பொய் சொன்னாள்.

"இடத்தை எடுக்கலைங்க. இவரைத்தான் எடுக்கிறேன். எங்க வீட்டுக்காரர்."

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தான். இதை எடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று யோசித்திருப்பான். "குடும்பப் போட்டோவா? அப்ப எடுத்துக்கோங்க" என்று விலகிப் போய்விட்டான்.

வந்தது வினை. அன்றிலிருந்து அவள் கேமராவுக்கு நான்தான் அனுமதிச் சீட்டு. மார்க்கெட் கட்டடமா, நான் முன்னால் நிற்க வேண்டும். கோர்ட்டுப் படிக்கட்டா, நான் முன்னால் நிற்க வேண்டும். ஆற்றங்கரையில் ஒரு மேகம் நகர்ந்து கோபுர மணிக்கூண்டுக்கு நேரே வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அது வருகிறவரை எறும்புப் புற்றின் மேல் நான் நின்றேன். காலில் ஏறுகிறது என்றால், "அசையாதீங்க, வெளிச்சம் போயிடும்" என்கிறாள். வெளிச்சம் எங்கேயும் போகவில்லை. என் உசிர்தான் போய்க்கொண்டிருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு குழந்தை தன் அம்மாவிடம், "அந்த மாமாவை ஏம்மா நிக்க வச்சிருக்காங்க, தப்பு பண்ணிட்டாரா?" என்றே கேட்டுவிட்டது.

அடுத்த வாரம் அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. நாமும் வெளியூர்க்காரர்கள் மாதிரியே போனால் என்ன? யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கு ஒரு தொப்பி வாங்கிவந்தாள். காது மறைகிற தொப்பி. கண்ணாடியில் பார்த்தேன், அடக் கடவுளே, தோட்டத்துக் காளானுக்கு மீசை வைத்த மாதிரி இருந்தது. "வாயைத் திறக்காதீங்க, அது போதும்" என்றாள்.

நம்ப மாட்டீர்கள், உண்மையிலேயே ஊர் மாறிவிட்டது. நேற்றுவரை எரிந்து விழுந்த கடைக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். தெரியாத ஒரு அம்மா கையைப் பிடித்து வழி காட்டினாள். பிறந்ததிலிருந்து இதே ஊரில் கிடக்கிறேன், ஒரு நாய்கூட என்னை இப்படி வரவேற்றதில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்கு மேல் ஒரு வாடகைக் காரைப் பிடித்தாள். ஊருக்கு மேற்கே பழைய கோட்டைச் சுவர் இருக்கிறது, சாயங்காலம் அதன் மேல் விழுகிற வெயில் அவளுக்கு வேண்டும். நேராகப் போனால் ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். டிரைவர் எங்கள் தொப்பியைப் பார்த்தான், கிழக்கே திருப்பினான். நான் வாயைத் திறந்தேன். இவள் தொடையில் கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

"சார், அதோ பாருங்க, ஊர்லயே பெரிய ஹோட்டல். ராஜாக்கள் படுக்கிற மெத்தை" என்றான். அந்த மெத்தை விரிப்பு எந்த லட்சணத்தில் எங்கள் மூட்டைக்கு வருகிறது என்று எனக்குத்தானே தெரியும்! பல்லைக் கடித்துக்கொண்டேன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஆஸ்பத்திரியைக் காட்டி அது ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்தது என்றான். கட்டும்போது நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதையும் விழுங்கினேன். கார் ஆஸ்பத்திரியைச் சுற்றி மறுபடி அதே ஆஸ்பத்திரிக்கு வந்தது. மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இவள் கேமராவை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அதே ஆஸ்பத்திரி வந்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"ஏம்ப்பா, யாருக்குக் காது குத்துறே? பின் கேட் வழியாப் போய் சவக்கிடங்கு ஓரமா இறங்கினா கோட்டைதானே! இந்த வழியில வேன் ஓட்டி ஓட்டி என் முதுகே போச்சு, எனக்கே ஊர் சுத்திக் காட்டுறியா நீ?"

கார் கீச்சென்று நின்றது. "ஓஹோ, உள்ளூரா? தொப்பியைப் போட்டுக்கிட்டு வேஷமா? இறங்குங்க ரெண்டு பேரும்!"

இறக்கிவிட்டுப் போய்விட்டான். நாங்கள் ஓட்டமும் நடையுமாகக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது சுவர் மேல் இருட்டு ஏறிவிட்டது. அவள் கேமராவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

"உங்களுக்கு அந்த ஆள் காது குத்தினதுதான் முக்கியம். என் வேலை போனா உங்களுக்கு என்ன" என்றாள்.  நான் என்னத்தைச் சொல்வது? ஏமாற்றுகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. அவளுக்காகவாவது இருந்திருக்கலாம். அதுவும் வரவில்லை.

இப்படியே லீவு நாளெல்லாம் கரைந்தது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்ததும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எட்டிப் பார்த்தால் திரையைத் திருப்பிக்கொள்வாள். "முழுசா முடியட்டும், காட்டுறேன்." எனக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. இத்தனை இடத்தில் இத்தனை வெயிலில் நின்றிருக்கிறேன், ஒன்றிலாவது ஆள் பார்க்கிற மாதிரி விழுந்திருக்க மாட்டேனா?

முதலாளியிடம் காட்டப்போவதற்கு முந்தின நாள் காட்டினாள். நீரூற்று, மார்க்கெட், கோர்ட்டுப் படிக்கட்டு, ஆற்றங்கரை, மணிக்கூண்டு. எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஒயர் இல்லை, குப்பைத் தொட்டி இல்லை, சுவரில் ஒரு போஸ்டர் இல்லை. நானும் இல்லை.

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒரு படத்தில்கூட இல்லை.

"நான் எங்கடி?"

"துடைச்சுட்டேன்."

"துடைச்சுட்டியா?"

"பின்னே? நீங்க நின்னாதான் எடுக்க விடுறாங்க. எடுத்தாச்சு. அப்புறம் நீங்க எதுக்கு நந்தி மாதிரி குறுக்கே?"

இதை அவள் கோபத்தில்கூடச் சொல்லவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டைத் துடைத்ததைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.  நான் கத்தினேன். "எறும்புப் புத்து மேல நின்னேனேடி! அந்தக் காளான் தொப்பியைப் போட்டுக்கிட்டு ஊரே சிரிக்க நின்னேனே! ஒண்ணுல, ஒரே ஒண்ணுல விட்டு வைக்கத் தோணலையா உனக்கு?"

 அவள் மெதுவாக, "ஒரு படத்துலயாவது நீங்க விருப்பப்பட்டு நின்னீங்களா? எல்லாத்துலயும் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது. பாக்குறவங்க, இந்த மனுஷனை இவ ஏன் இப்படி இழுத்துக்கிட்டு அலையறான்னு நினைப்பாங்க. என்னாலயே பாக்க முடியலை. அதான் துடைச்சேன்" என்றாள்.

நான் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அவளை வேனிலேயே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். கோபம் இருந்தாலும் அவள் பஸ்ஸில் நசுங்கிப்போய் நிற்பது பிடிக்கவில்லை. முதலாளி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நான் கதவருகே நின்றேன். நீரூற்றுப் படம் வந்ததும் அவர் விரல் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"என்னம்மா இது? தண்ணிக்குள்ள ஒரு ஆள் தலைகீழா நிக்கிறான். மேல ஆளைக் காணோமே?"

அவள் எட்டிப் பார்த்தாள். தொட்டித் தண்ணீரில் விழுந்த என் பிம்பத்தை அவள் கவனிக்காமல் விட்டிருந்தாள். பத்து வருஷ வேலையில் அவள் இப்படி விட்டதே இல்லை. 

"எல்லாம் துடைச்சதா?" என்று கேட்டார்.

"ஆமா, சார்."

"துடைக்கத்தான் பட்டன் வந்தாச்சேம்மா. நீ எடுத்தது எங்கே? அதைக் காட்டு."

அங்கேதான் அவள் தலையில் இடி. எடுத்தது இல்லை. ஸ்டூடியோவில் துடைத்த படத்தைப் பழைய படத்தின் மேலேயேதான் சேமிப்பார்கள். தன் பருவோடு இருக்கிற படத்தை எந்தக் கல்யாணப் பெண்ணும் மறுபடி பார்த்துவிடக் கூடாது என்று முதலாளியே வைத்த வழக்கம். அவள் கை தன்னால் அதையே வீட்டிலும் செய்திருந்தது. கேமராவில் இருந்ததை மச்சானுடைய சின்ன மெமரி கார்டில் இடம் போதாமல் வாராவாரம் அழித்திருந்தாள். நான் நின்றதற்கு இப்போது உலகத்தில் ஒரே சாட்சி அந்தத் தண்ணீரில் தலைகீழாக நிற்கிறவன்தான்.

"இதை வச்சு நான் என்னம்மா முடிவு பண்றது? சரி, திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன். வேற எடுத்துக்கிட்டு வா. தூசியைக்கூடத் துடைக்காதே. அதுக்கு மேல முடியாது, வியாழக்கிழமை சீசன் ஆரம்பிக்குது" என்றார்.

நடுவில் இருந்தது ஒரே ஒரு லீவு நாள். அந்த நாளும் எங்களை வைத்து விளையாடியது. காலையில் போன். இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சல், அவன் லைனையும் நான்தான் ஓட்ட வேண்டும். நான் போனில் கத்தினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டு நின்றேன். நான் இல்லாமல் அவளைத் தனியாக யார் எடுக்க விடுவார்கள்?

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், அழுக்கு மூட்டை நாறும்டி."

"வண்டியை எடுங்க."

அன்றைக்கு நாள் முழுக்க நான் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன். ஒரு ஆள் வேலையைச் செய்யவே ஆள் போதாது, இரண்டு ஆள் வேலை. ஒரு ஹோட்டலில் ஈரத் துண்டையும் காய்ந்த துண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு சண்டை. ஆஸ்பத்திரிச் சரிவில் யாரோ கட்டிலைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அங்கே ஒரு சண்டை. தோளில் மூட்டையோடு நான் படியேறும்போதும் இறங்கும்போதும் அவள் எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருந்தாள். எந்தப் பின் வாசலிலும் ஒரு காவலாளியும் விசில் ஊதவில்லை. "அண்ணன் வீட்டு ஆளா? வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு சந்தில் சமையல்கட்டு நீராவி முகத்தில் அடித்தது. பாத்திரம் கழுவுகிற பெண்கள் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்ததும் "வந்துட்டாருப்பா சிடுமூஞ்சி" என்று சிரித்தார்கள்.

"இது எந்த இடங்க?" என்று கேட்டாள்.

"நீரூற்றுப் பக்கத்துல இருக்கே அந்த ஹோட்டல். இது அதோட முதுகு. வழியை விடு, பாரம் தோளை அழுத்துது."

அவள் படம் எடுக்கிறாள் என்பதையே மத்தியானத்துக்கு மேல் நான் மறந்துவிட்டேன். கோபப்படவே எனக்கு நேரம் போதவில்லை.

திங்கட்கிழமை முதலாளி அந்தப் படங்களைப் பார்த்தார். பாதிக்கு மேல் கை ஆடிக் கலங்கியிருந்தது. ஒன்றில் பாதித் திரையை அழுக்கு மூட்டையே அடைத்திருந்தது. ஒயர், குப்பை, எச்சில் தட்டு, எல்லாம் அப்படியே இருந்தது. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். வாயைத் திறந்தபடி, கையை நீட்டியபடி, ஒரு கட்டிலை உதைத்தபடி. எனக்கே பார்க்க வெட்கமாக இருந்தது.

"யார் மேலம்மா இந்த ஆளுக்கு இவ்வளவு கோபம்?"

"எல்லார் மேலயும் சார்" என்றாள்.

முதலாளி திரும்பி, கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "கை ஆடுது. அது பழகிடும். ஆனா ஆளை விடாம துரத்தி எடுத்திருக்கே. வியாழக்கிழமை மண்டபத்துக்கு வந்துடு" என்றார்.

வெளியே வந்து வேனில் ஏறியதும்தான் அவள் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சரி சரி, மூக்கைத் துடை" என்றேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் அநியாயம். கல்யாணம் எல்லாம் எப்போது வைக்கிறார்கள்? ஊருக்கே லீவு விடுகிற நாளில். எனக்கு லீவு என்றால் அவளுக்கு வேலை. விடிவதற்கு முன் கிளம்பிப் போகிறாள், காலில் வீக்கத்தோடு வந்து விழுகிறாள். மின்விசிறி எனக்கே எனக்கு. காலை நீட்டிப் படுக்கிறேன். யாரும் இடது என்று சொல்வதில்லை, வலது என்று சொல்வதில்லை. நான் கேட்டது இதைத்தானே? கிடைத்துவிட்டது. பிடிக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவள் இல்லாமல் லீவு நாள் போகவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் தனியாகக் கிளம்பிவிட்டேன். ஊருக்கு வடக்கே பழைய ரயில் பாலம் ஒன்று இருக்கிறது, நாங்கள் அங்கே போனதே இல்லை. இரும்பெல்லாம் துருப்பிடித்து, கீழே தண்ணீர் சிவப்பாக ஓடியது. நல்ல வெளிச்சம் என்று எனக்கே தெரிந்தது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். மண்டபத்தில் இருப்பாளே, பார்க்க நேரம் இருக்குமா என்று யோசித்துவிட்டு, அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "கோணலா இருக்கு. ஏன் நீங்க படத்துல இல்லை?"

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பாலத்தில் நடந்து போன ஒரு ஆளை மறித்து, போனை அவர் கையில் கொடுத்து, கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். அவர் பொறுமைசாலி. போனைத் தூக்கிப் பிடித்து, தாழ்த்தி, மறுபடி தூக்கினார்.

"கொஞ்சம் சிரிங்க, சார்" என்றார்.

"வேண்டாங்க, இப்படியே எடுங்க. சிரிச்சா என் வீட்டுக்காரிக்கு அடையாளம் தெரியாது."